கூகுள் ஷீட் டேட்டாவை டேட்டாபேஸோடு சேர்க்க எந்த வழி?

சிறு நிறுவனங்களின் கணக்கு பெரும்பாலும் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கும். பில்லிங், சரக்கு இருப்பு, சம்பளம் எல்லாம் ஏதோ ஒரு மென்பொருளுக்குப் பின்னால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்ற ஒரு டேட்டாபேஸில் இருக்கும். வாடிக்கையாளர் புகார், வசூல் பாக்கி, ஃபார்மில் வந்த விண்ணப்பங்கள் எல்லாம் கூகுள் ஷீட்டில் இருக்கும். ஒருநாள் அவசரத்துக்கு யாரோ திறந்த ஷீட் அது. இன்று நாலு பேர் தினமும் கை வைக்கும் பதிவேடு. 'பாக்கி வைத்திருப்பவர்களில் இந்த மாதம் புகார் கொடுத்தவர்கள் யார் யார்?' என்று முதலாளி கேட்டுவிட்டால் இரண்டையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும். உடனே வரும் அடுத்த கேள்வி, டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் மென்பொருளான டிபீவரைப் பற்றி: "ஷீட்டை நேரா டிபீவர்ல கனெக்ட் பண்ண முடியாதா?"

முடியும், அதுவும் பல வழியில். ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு வேறு தேவைகள் ஒளிந்திருக்கின்றன. டிபீவர் ஒரு ஜன்னல்தான். எதையும் தானாகச் சேமித்து வைப்பதில்லை. ஷீட்டை அந்த ஜன்னல் வழியே ஒரு டேபிள் மாதிரி பார்த்தால் போதுமா, இல்லை ஷீட்டில் உள்ளது போஸ்ட்கிரெஸ்ஸுக்குள் போய் உட்கார வேண்டுமா? முதலாவது பார்வை, இரண்டாவது நகல். இதைப் பிரித்துக்கொள்ளாமல் கருவி தேடப் போனால், விலை உயர்ந்த டிரைவரை (ஷீட்டையும் டிபீவரையும் பேசவைக்கும் இணைப்பு மென்பொருள்) வாங்கி வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை மட்டும் ஓட்டும் ஒரு க்வெரிக்காக, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்விக்காக, சந்தா கட்டிக்கொண்டிருக்க நேரும்.

அதைவிட முக்கியமான இன்னொன்று, ஷீட்டை இனிமேலும் மனிதர்கள் திருத்தப் போகிறார்களா என்பது. திருத்தப் போகிறார்கள் என்றால் ஷீட்தான் மூலம், டேட்டாபேஸில் இருப்பது அதன் நகல். நகலைத் திருத்தி மூலத்துக்கு அனுப்புவது, மூலத்தைத் திருத்தி நகலுக்கு அனுப்புவது என்று இருபக்கப் போக்குவரத்து தொடங்கிய இடத்தில்தான் நான் பார்த்த பெரும்பாலான குழப்பங்கள் முளைத்திருக்கின்றன. கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோடுதான் எடைபோடுகிறேன்.

கையால் இறக்கி ஏற்றுவது

ஷீட்டில் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) டவுன்லோடு செய்து, டிபீவரில் டேபிளின் மேல் வலது கிளிக் செய்து இம்போர்ட் கொடுப்பது. இதைக் கேவலமாகப் பார்க்கும் பழக்கம் நம் துறையில் உண்டு. மாதம் ஒருமுறை, ஒரே ஆள், சில ஆயிரம் வரி என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. சந்தா இல்லை, சாவி இல்லை, இரவு இரண்டு மணிக்கு உடைந்து நிற்க எதுவும் இல்லை.

ஆனால் கூகுள் ஷீட்டின் சிஎஸ்வி ஒரு விஷயத்தில் ஏமாற்றும். செல்லுக்குள் இருக்கும் மதிப்பை அது தருவதில்லை, திரையில் தெரிவதைத் தருகிறது. தொகை நெடுவரிசைக்கு ரூபாய்க் குறியும் நம்மூர் காற்புள்ளியும் வைத்திருந்தால் '₹1,25,000.00' என்று எழுத்தாகவே வந்து இறங்கும். எண் வகை நெடுவரிசைக்குள் ஏறாது. இதையாவது பிழைச் செய்தி காட்டிக்கொடுத்துவிடும். 12.3456 என்ற மதிப்பு இரண்டு தசமத்தில் காட்டும்படி வைக்கப்பட்டிருந்தால் 12.35 என்றுதான் இறங்கும், ஒரு சத்தமும் இருக்காது. கணக்கு சில ரூபாய் உதைக்கிறதே என்று தேடும்போது யாருக்கும் டவுன்லோடு பொத்தான் மேல் சந்தேகம் வராது. இறக்குவதற்கு முன் அந்த நெடுவரிசையைச் சாதாரண எண் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், அல்லது எக்செல் கோப்பாக இறக்குங்கள். அதில் உள்மதிப்பு அப்படியே வரும். சிஎஸ்வி என்றால் திறந்திருக்கும் டேப் மட்டும்தான் இறங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தேதி இன்னொரு தொல்லை. ஷீட்டின் அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்தால், 04/05/2025 என்று தட்டியது ஏப்ரல் 5 ஆகிவிடும். நாம் நினைத்தது மே 4. அடுத்த வரியில் 13/05/2025 என்று தட்டினால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதி, மீதி தேதியே இல்லை. இடப்பக்கம் ஒட்டி நிற்பவை எழுத்து, வலப்பக்கம் ஒட்டி நிற்பவை தேதி என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம். இணைப்பு வழி எதுவானாலும் இந்தக் கோளாறு கூடவே வரும். அதனால் முதல் வேலையாக ஷீட்டின் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். ஏற்கெனவே மாறிப்போன தேதிகளை அது திருத்தாது, இனி தட்டுவதற்குத்தான் உதவும்.

டிபீவரின் இம்போர்ட் திரையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. காலியான செல்லை வெற்று எழுத்தாக வைப்பதா, 'நல்' (null, மதிப்பே இல்லை என்ற குறி) ஆக்குவதா என்று கேட்கும் தேர்வு ஒன்று. நெடுவரிசை வகையை அது மாதிரி வரிகளைப் பார்த்து ஊகிப்பது மற்றொன்று. 044, 0422 என்று தொடங்கும் போன் எண்களை எண் வகை என்று அது ஊகித்துவிட்டால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் போய்விடும். போன், பின்கோடு, வங்கிக் கணக்கு எண் மூன்றையும் கையால் எழுத்து வகைக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த பொத்தானைத் தட்ட வேண்டும்.

நேரடி டிரைவர்

டிபீவர் ஜேடிபிசி என்ற இணைப்பு முறையில் எழுதிய டிரைவர் எதையும் ஏற்கும். கூகுள் ஷீட்ஸ், ஷேர்பாயின்ட், ஆன்லைன் எக்செல் போன்றவற்றுக்கு சிடேட்டா போன்ற நிறுவனங்கள் டிரைவர் விற்கின்றன. அதன் கோப்பை டிரைவர் மேனேஜரில் சேர்த்து, கூகுள் கணக்கில் அனுமதி கொடுத்தால், ஷீட்டின் ஒவ்வொரு டேபும் இடப்பக்கப் பட்டியலில் ஒரு டேபிளாக வந்து நிற்கும். டெமோவில் பார்க்க அழகாக இருக்கும். 'இதுதான் நான் கேட்டது' என்று முதலாளி சொல்லிவிடுவார்.

உள்ளே நடப்பது வேறு. க்வெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல்லில் நீங்கள் எழுதுவதை டிரைவர் கூகுளின் ஏபிஐ (நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசல்) அழைப்புகளாக மாற்றுகிறது. ஷீட்டுக்கு இன்டெக்ஸ் (வரியைச் சட்டெனத் தேடித்தரும் அட்டவணை) கிடையாது. பத்து வரி வேண்டும் என்று வடிகட்டிக் கேட்டாலும் பெரும்பாலும் முழு டேபும் இறங்கி வந்து, வடிகட்டல் உங்கள் கணினியில்தான் நடக்கும். கூகுள் ஷீட்ஸ் ஏபிஐயில் படிக்கும் அழைப்புக்கு வரம்பும் உண்டு: ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 60, ஒரு புராஜெக்டுக்கு நிமிடத்துக்கு 300. தாண்டினால் 429 பிழை வரும். ஒரே ஆள் ஓட்டும்போது இதைத் தொடவே மாட்டீர்கள். ரிப்போர்ட் மென்பொருள் ஒன்றை அதே இணைப்பில் மாட்டி, பத்துப் பேர் காலை பத்து மணிக்குத் திறந்தால் தொடுவீர்கள்.

இன்னொரு குறை, போஸ்ட்கிரெஸ் டேபிளோடு ஒரே க்வெரியில் ஜாயின் (இரண்டு டேபிளைப் பொருத்திச் சேர்ப்பது) போட முடியாது. டிபீவரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், ஆனால் அவை இரண்டு தனி இணைப்புகள். முதலாளி கேட்ட கேள்விக்குத் தேவையானது அந்த ஜாயின்தான்!

எழுதும் வசதிதான் எனக்கு அச்சம் தருவது. இந்த டிரைவர்கள் அப்டேட்டும் செய்யவிடும். ஷீட்டில் முதன்மைச் சாவி என்று ஒன்று இல்லை. ஒரு வரியைச் சுட்டுவதற்கு வரி எண்தான் இருக்கிறது. நீங்கள் 214-வது வரியைத் திரையில் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கும்போது, ஷீட்டில் ஒருவர் பெயர் வரிசைப்படி அடுக்கிவிட்டால் 214-ல் இப்போது வேறு ஆள். அவருடைய பாக்கித் தொகை மாறிவிடும். டேட்டாபேஸில் இதைத் தடுக்க, எல்லாம் சேர்ந்து நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்று உறுதி தரும் டிரான்சாக்‌ஷன் இருக்கிறது, ஷீட்டில் அதைக் கேட்க முடியாது. ஆகவே இந்த வழியில் போனால் படிக்க மட்டும் அனுமதி உள்ள கூகுள் கணக்கில் இணைப்பைக் கொடுங்கள். ஆண்டுச் சந்தாவும் சேர்த்துப் பார்த்தால், ஷேர்பாயின்ட், சேல்ஸ்ஃபோர்ஸ், ஷீட் என்று பல மூலங்களை ஒரே மாதிரி பார்க்க வேண்டிய பெரிய அலுவலகத்துக்குத்தான் இது நியாயம்.

டக்டிபி வழி

இலவசமாக, அந்த ஜாயினையும் சேர்த்துத் தருவது டக்டிபி. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் பிறந்த சிறு டேட்டாபேஸ் இது. 2024 ஜூனில் 1.0 பதிப்பைத் தொட்டது. சர்வர் வேண்டாம், ஒரு கோப்பு, அல்லது அதுவும் இல்லாமல் நினைவகத்திலேயே ஓடும். டிபீவரில் புது இணைப்பு என்று கேட்டால் பட்டியலிலேயே டக்டிபி இருக்கும், டிரைவரை அதுவே இறக்கிக்கொள்ளும்.

இதற்கு ஜிஷீட்ஸ் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி) உண்டு. நிறுவி, கூகுள் அனுமதியை டக்டிபியில் 'சீக்ரெட்' என்ற ரகசியக் குறிப்பாகப் பதிந்துவிட்டால், ஷீட்டின் முகவரியை ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்து டேபிளைப் போலவே செலக்ட் செய்யலாம். கூடவே போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷனையும் ஏற்றி, உங்கள் டேட்டாபேஸை அட்டாச் செய்துவிட்டால் இரண்டும் ஒரே கூரைக்குள் வந்துவிடும். ஒரு பக்கம் ஷீட்டில் உள்ள புகார், மறுபக்கம் போஸ்ட்கிரெஸ்ஸில் உள்ள பாக்கி, நடுவில் வாடிக்கையாளர் எண்ணை வைத்து ஒரு ஜாயின். பதில் அந்தத் திரையிலேயே. ஷீட்டில் இருப்பதை நிரந்தரமாக உள்ளே வைக்க வேண்டுமென்றால் அதே செலக்டுக்கு முன்னால் ஒரு இன்சர்ட். போஸ்ட்கிரெஸ் டேபிளுக்குள் போய்விடும். பார்வையும் நகலும் ஒரே கருவியில்.

எண், தேதி என்று அதுவாக ஊகிப்பது பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் எழுத்தாகவே படி என்று சொல்லவும் தேர்வு இருக்கிறது. நான் எப்போதும் அதைத்தான் போடுவேன்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். அது சமூகத்தவர் எழுதிய எக்ஸ்டென்ஷன். டக்டிபியின் மையக் குழுவுடையது அல்ல. டக்டிபி புதுப் பதிப்பு வந்த சில நாள்களுக்கு எக்ஸ்டென்ஷன் அதற்குத் தயாராக இருக்காது, டிபீவர் டிரைவரைப் புதுப்பித்த மறுநாள் 'கிடைக்கவில்லை' என்று சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர் பதிப்பை மாற்றாமல் பூட்டி வையுங்கள். உலாவி வழியாக வாங்கும் கூகுள் அனுமதி சற்று நேரத்தில் காலாவதியாகிவிடும். தொடர்ந்து ஓட வேண்டியதற்கு சர்வீஸ் அக்கவுன்ட் (மனிதருக்கு அல்லாமல் நிரலுக்கான கூகுள் கணக்கு) ஒன்றை உருவாக்கி, அதன் மின்னஞ்சல் முகவரிக்கு ஷீட்டைப் பகிர்ந்து, சாவிக் கோப்பைக் கொடுக்க வேண்டும். டக்டிபி கோப்பை டிபீவர் திறந்து வைத்திருக்கும்போது வேறொரு நிரல் அதில் எழுத முடியாது என்பதும் புதியவர்களைத் திகைக்க வைக்கும். இணைப்பைத் துண்டித்தால் பூட்டு அவிழும். ஆய்வு செய்யும் ஒருவர், தன் கணினியில், தன் நேரத்தில் என்றால் என் வாக்கு இதற்குத்தான்.

இரவில் தானாக ஓட வேண்டுமென்றால்

இங்கே ஸ்கிரிப்ட் வருகிறது. ஷீட்டிலிருந்து தள்ளலாம், சர்வரிலிருந்து இழுக்கலாம்.

தள்ளுவதற்கு ஆப்ஸ் ஸ்கிரிப்ட். ஷீட்டுக்குள்ளேயே இருக்கும் இந்த நிரல் வசதியில் ஜேடிபிசி சேவை உண்டு, மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர், ஆரக்கிள் ஆகியவற்றோடு நேரே பேசும். தனி சர்வர் தேவையில்லை என்பது கவர்ச்சி. ஒரு ஓட்டத்துக்கு ஆறு நிமிடம்தான் அனுமதி. ஒவ்வொரு வரியாக இன்சர்ட் செய்தால் சில ஆயிரம் வரியிலேயே மூச்சு வாங்கும், தொகுதியாக அனுப்ப வேண்டும். இதையெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதவை வேறு இரண்டு. உங்கள் டேட்டாபேஸ் கூகுளின் ஐபி முகவரிகளுக்கு இணையத்தில் திறந்திருக்க வேண்டும். அந்த முகவரிகளிலிருந்து உலகத்தில் யாருடைய ஸ்கிரிப்டும் வரலாம். அதோடு, ஷீட்டோடு ஒட்டிய ஸ்கிரிப்டை ஷீட்டில் திருத்த உரிமை உள்ள எல்லோரும் திறந்து பார்க்கலாம். அதற்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிறது. நாலு பேர் திருத்தும் ஷீட் என்று முதலிலேயே சொன்னோம் அல்லவா?

ஆகவே இழுப்பதே மேல். சர்வரில் ஒரு பைத்தான் நிரல், கிரானில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) நேரம், சர்வீஸ் அக்கவுன்டுக்குப் படிக்க மட்டும் அனுமதி. டேட்டாபேஸை வெளியே திறக்க வேண்டாம். ஏபிஐயில் மதிப்பை எந்த வடிவில் கேட்கிறோம் என்று சொல்லலாம் என்பதால் சிஎஸ்வியின் ரூபாய்க் குறித் தொல்லை இல்லை. வடிவம் இல்லாத மதிப்பைக் கேட்டால் தேதிகள் வரிசை எண்ணாக வரும்: 2024 ஜனவரி 1 என்பது 45292. 1899 டிசம்பர் 30-லிருந்து எண்ணிய நாள்கள் அவை. இன்னொரு வழக்கம், வரியின் கடைசியில் உள்ள காலி செல்களை ஏபிஐ அனுப்பாது. எட்டு நெடுவரிசை ஷீட்டில் ஒரு வரிக்கு எட்டு மதிப்பு வரும், அடுத்த வரிக்கு ஐந்துதான் வரும். நிரலில் இதை நிரப்பிக்கொள்ளாவிட்டால் ஒருநாள் யாரோ குறிப்பு நெடுவரிசையைக் காலியாக விட்ட அன்று எல்லாம் நின்றுவிடும்.

உள்ளே வரும் டேட்டாவை நேரே உண்மையான டேபிளில் ஊற்றாதீர்கள். எல்லா நெடுவரிசையும் எழுத்து வகையாக ஒரு இடைத்தங்கல் டேபிள் வையுங்கள். வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து, யார் எவர் என்று விசாரித்துவிட்டு உள்ளே விடுகிற மாதிரி. எண்ணாக மாறாதவை, தேதியாக மாறாதவை அங்கேயே தங்கட்டும், அவற்றைப் பட்டியலிட்டு ஷீட்காரர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடலாம். பழையதைக் காலிசெய்து புதியதை ஏற்றுவதை ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் டேபிளை ஒரேயடியாகக் காலிசெய்யும் ட்ரங்கேட் கட்டளையும் டிரான்சாக்‌ஷனுக்குக் கட்டுப்படும். நடுவில் உடைந்தால் பழைய டேட்டா அப்படியே இருக்கும். மைஎஸ்கியூஎல்லில் ட்ரங்கேட் போட்ட கணமே அதுவரை செய்தது உறுதியாகிவிடும், திரும்ப வழியில்லை. அங்கே டெலிட் பயன்படுத்துங்கள்.

முழுதாக அழித்து ஏற்றுவது பழமையான முறைதான். 'மாறிய வரியை மட்டும் அனுப்பலாமே' என்று தோன்றும். ஷீட்டில் எந்த வரி எப்போது மாறியது என்பதற்கு நம்பத்தக்க முத்திரை இல்லை, அழிக்கப்பட்ட வரி தடமே இல்லாமல் போகும். கூகுள் ஷீட்டின் உச்சவரம்பே 1 கோடி செல்தான். நம்மிடம் இருப்பது அதில் ஒரு மூலை. முழுதாக ஏற்றினாலும் சில வினாடிதான்.

டேட்டாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தும் ஏர்பைட், ஃபைவ்டிரான் போன்ற குழாய்ச் சேவைகள் மேலே சொன்ன பைத்தான் வேலையைத்தான் பளபளப்பாகச் செய்கின்றன. இருபது மூலம் இருந்தால் வாங்குங்கள். ஒரே ஷீட்டுக்கு வேண்டாம். ஜேப்பியர் வகைக் கருவிகள் புது வரி வந்தால் அனுப்பும் வேலைக்குச் சரி, ஃபார்ம் பதில்களுக்குப் பொருத்தம். பழைய வரியை யாராவது அழித்தால் அது அவற்றுக்குத் தெரியாது.

கூகுளின் டேட்டாபேஸ் சேவையான பிக்க்வெரியை ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களுக்கு வேலை எளிது. ஷீட்டை வெளி டேபிளாக அறிவித்துவிட்டால், ஒவ்வொரு க்வெரியும் அந்த நேரத்து ஷீட்டைப் படிக்கும். டிபீவரிலும் பிக்க்வெரிக்கு இணைப்பு உண்டு. மாதம் 1 டெபிபைட் வரை க்வெரி இலவசம் என்பதால் ஷீட் அளவுக்குச் செலவு பற்றிக் கவலையே இல்லை. வேகம் மந்தம்தான். பலரும் முட்டிக்கொள்ளும் இடம் அனுமதி: பிக்க்வெரி அனுமதி மட்டும் போதாது, க்வெரி ஓட்டும் கணக்குக்கு டிரைவ் அனுமதியும் ஷீட் பகிர்வும் தனியாக வேண்டும். இது இல்லாமல் வரும் பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு டேபிளைத் திரும்பத் திரும்ப உருவாக்கிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

மைக்ரோசாஃப்ட் பக்கம் இருந்தால்

மைக்ரோசாஃப்ட் 365 அலுவலகத்தில் கேள்வியே சற்று மாறும். டேட்டா ஷேர்பாயின்ட் லிஸ்டில் இருந்தால் அதிர்ஷ்டம். மைக்ரோசாஃப்டின் சிறு டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸ் அதை இணைந்த டேபிளாக நேரே எடுத்துக்கொள்ளும், அதே ஆக்சஸ் கோப்பில் ஓடிபிசி என்ற இணைப்பு முறை வழியே எஸ்கியூஎல் சர்வர் டேபிளையும் இணைத்து ஜாயின் போடலாம். ஆக்சஸ் பழைய சரக்கு என்று இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். இந்த ஒரு வேலையை இவ்வளவு மலிவாகச் செய்ய வேறொன்று இல்லை. விண்டோஸில் மட்டும் ஓடும், கோப்பு 2 ஜிபியைத் தாண்டாது. லிஸ்டில் 5,000 வரிக்கு மேல் போனதும், இன்டெக்ஸ் இல்லாத நெடுவரிசையில் வடிகட்டினால் ஷேர்பாயின்ட் மறுக்கத் தொடங்கும். லிஸ்ட் சிறிதாக இருக்கும்போதே இன்டெக்ஸ் போட்டுவைப்பது நல்லது.

ஒன்டிரைவில் கிடக்கும் எக்செல் கோப்பு என்றால் இவ்வளவு சுகம் இல்லை. எஸ்கியூஎல் சர்வரின் இம்போர்ட் விசார்டில் ஏற்றும் பழைய வழி இன்னும் பலருக்குக் கைப்பழக்கம். அதன் பின்னால் இருக்கும் ஏஸ் டிரைவர் நெடுவரிசை வகையை முதல் 8 வரியைப் பார்த்துத்தான் ஊகிக்கும். முதல் எட்டிலும் எண், ஒன்பதாவதில் 'ஏ-17' என்று இருந்தால் அந்தச் செல் பிழை எதுவும் சொல்லாமல் 'நல்' ஆகிவிடும். ஏற்றிய பின் வரிகளை எண்ணிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். நெடுவரிசை வாரியாக 'நல்' எத்தனை என்று எண்ணினால்தான் தெரியும். மைக்ரோசாஃப்டின் தானியக்கக் கருவியான பவர் ஆட்டோமேட்டில் செய்யலாம் என்பார்கள். செய்யலாம், ஆனால் எஸ்கியூஎல் சர்வர் கனெக்டர் பிரீமியம் உரிமத்தில் வருவது, டேட்டாபேஸ் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தால் கேட்வே (நடுவில் நின்று இணைக்கும் நிரல்) ஒன்றையும் நிறுவ வேண்டும்.

சோஹோ ஷீட்டில் வேலை பார்க்கும் அலுவலகங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அங்கே ஓடையைத் திருப்பிவிடுவது எளிது. டேட்டாபேஸுக்குள் ஷீட்டைக் கொண்டுவருவதற்குப் பதில், இரண்டையும் சோஹோ அனலிடிக்ஸுக்குள் கொண்டுபோய்விடலாம். அலுவலக நெட்வொர்க்குக்குள் இருக்கும் டேட்டாபேஸை அனுப்ப டேட்டாபிரிட்ஜ் என்ற சிறு நிரல் இருக்கிறது, உள்ளே போனபின் எஸ்கியூஎல் க்வெரியாகவே ஜாயின் எழுதலாம். டிபீவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்களுக்கு இது போதும்.

தமிழில் உள்ள டேட்டா

எந்த ஒப்பீட்டிலும் இது வராது, நமக்கோ தினசரிப் பாடு. சிஎஸ்வியை இறக்கியவர், ஏற்றுமுன் 'ஒருதரம் பார்த்துக்கொள்வோம்' என்று எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறப்பார். கூகுள் தரும் சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் இருக்கும். எக்செல் அதை வேறு குறிமுறையாக எண்ணிக்கொண்டு தமிழை முழுக்கச் சிதைத்துக் காட்டும். அந்த நிலையில் சேமித்தால் கோப்பே போனது. இடையில் எக்செல்லைத் தொடாமல் நேரே டிபீவருக்குப் போங்கள்.

மைஎஸ்கியூஎல்லின் பழைய யுடிஎஃப்8 வகையிலேயே தமிழ் உட்கார்ந்துவிடும், ஏனென்றால் நம் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட்தான். ஆனால் புகார் ஷீட்டில் யாராவது ஒரு கோப முக இமோஜி போட்டிருந்தால் அது 4 பைட். அந்த வரி ஏறாது. யுடிஎஃப்8எம்பி4 வைத்துக்கொள்ளுங்கள். மைஎஸ்கியூஎல் 8.0 முதல் அதுவே இயல்பு.

ஜாயினைக் கெடுப்பது இன்னும் நுணுக்கமானது. 'கோ'வில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; டேட்டாபேஸுக்கு வேறு வேறு. போனில் ஒருவர் தட்டிய 'கோபால்', பழைய மென்பொருள் வழியே வந்த 'கோபால்' இரண்டும் ஜாயினில் சேராமல் போகலாம். போஸ்ட்கிரெஸ் 13 முதல், இப்படி இரு விதமாக எழுதியதை ஒரே வடிவாக்கும் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, இடைத்தங்கல் டேபிளிலிருந்து உள்ளே விடும்போதே அதை ஓட்டிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். 'கௌரி'யை 'கௌ' என்று தட்டாமல் எகரக் கொம்பும் தனி 'ள'வுமாகத் தட்டியிருந்தால் அதற்கு நார்மலைஸ் உதவாது, அது எழுத்துப் பிழை. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பிலிருந்து ஒட்டிய வரிகள் இருந்தால் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகவே வந்து நிற்கும். எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றால் யூனிகோடாக்கிவிட்டுத்தான் வேறு எதுவும். சுருக்கமாக, பெயரை வைத்து ஜாயின் போடாதீர்கள். ஷீட்டில் வாடிக்கையாளர் எண்ணுக்கு ஒரு நெடுவரிசை சேர்த்து, பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும்படி கட்டுப்பாடு வையுங்கள்.

குறுக்கு வழி ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷீட்டை 'இணையத்தில் வெளியிடு' என்று கொடுத்து, வரும் சிஎஸ்வி முகவரியை நிரலில் வைப்பது. அனுமதி, சாவி, சர்வீஸ் அக்கவுன்ட் எதுவும் வேண்டாம் என்பதால் பலருக்குப் பிடிக்கும். அந்த முகவரி கையில் கிடைத்த எவரும் படிக்கலாம், யார் படித்தார்கள் என்ற பதிவும் நமக்கு இல்லை. மாவட்டப் பின்கோடு பட்டியல் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வாடிக்கையாளர் பெயரும் போனும் பாக்கியும் உள்ள ஷீட்டுக்கு வேண்டவே வேண்டாம். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட பிறகு இது வெறும் நல்லெண்ண விஷயமும் இல்லை.

தேர்வு

மாதம் ஒருமுறை என்றால் கையால். ஒருவர் ஆராய்ந்து பார்க்க என்றால் டிபீவரில் டக்டிபி. தினமும் ரிப்போர்ட் ஓட வேண்டும், பலர் பார்ப்பார்கள் என்றால் பைத்தானும் இடைத்தங்கல் டேபிளும், ஒருபக்கமாக மட்டும். ஏற்கெனவே பிக்க்வெரியோ ஆக்சஸோ சோஹோ அனலிடிக்ஸோ இருந்தால் அதன் சொந்த வழி. காசு கொடுத்து வாங்கும் டிரைவர் கடைசியில்.

'ஷீட்டிலும் திருத்துவோம், டேட்டாபேஸிலும் திருத்துவோம், இரண்டும் தானாக ஒத்துப்போக வேண்டும்' என்று கேட்பவர்களுக்கு மேலே உள்ள எதுவும் சரிவராது. அவர்களுக்கு வேண்டியது இணைப்பு இல்லை, ஷீட்டை நிறுத்துவது. நோக்கோடிபி போன்ற கருவி போஸ்ட்கிரெஸ் டேபிளின் மேலேயே ஷீட் மாதிரி ஒரு திரையைப் போட்டுத் தரும். நாலு பேரும் பழகிய கட்டங்களிலேயே தட்டலாம், தட்டியது நேரே டேபிளில் விழும், யாருக்கு எந்த நெடுவரிசை என்று அனுமதியும் பிரிக்கலாம். மாற்றும் நாளில் பழைய ஷீட்டை அழிக்க வேண்டாம். எல்லோருக்கும் பார்வை மட்டும் என்று அனுமதியை மாற்றி, முதல் வரியில் புதுத் திரையின் முகவரியை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே யாராவது ஒருவர் அதில் புது வரி சேர்த்திருப்பார்.